வைரத்துக்குத் துணை வேண்டாம் என்போருக்கு

திருப்பூரில் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகும் எந்தக் குடும்பமும் இந்தப் பேச்சைக் கேட்காமல் கடையை விட்டு வெளியே வருவதில்லை. "வைரம்னா வைரம் மட்டும் எடுங்க அம்மிணி. கலர்க் கல்லு சேர்ந்துதுன்னா திருப்பிக் குடுக்கறப்போ கல்லுக்குக் காசு வராதுங்க." விற்பவர் சொன்னதும் கூட வந்த பெரியம்மா தலையாட்டுவார். அத்தை தன் பங்குக்கு, "கெம்பு, பச்சையெல்லாம் டான்ஸ் ஆடற புள்ளைங்க போடறதுங்க" என்பார். வீட்டுக்கு வந்தால் ஜாதகம் பார்ப்பவர், சுக்கிரன் கல்லைச் சூரியன் கல்லோடு சேர்க்கவே கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். வைரம் தனியாகத்தான் நிற்க வேண்டும், அதுதான் மதிப்பு, அதுதான் ரசனை, அதுதான் குடும்பத்துக்கு நல்லது என்ற முடிவு எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துக் கேட்காமலேயே சட்டம் போல ஆகிவிட்டது.

இந்த முடிவு தவறு. வெள்ளை வைரத்தை நிறக்கல்லோடு சேர்த்துக் கட்டுவது இந்த மண்ணின் பழைய வழக்கம். கண்ணுக்கு அதுவே நிறைவு. பணக் கணக்கிலும் அதனால் நட்டம் வந்தே தீரும் என்பதில்லை. வருகிறதென்றால் அதற்குக் காரணம் நாம் பில் வாங்குகிற முறை.

முதலில் "கலர்க் கல் வடக்கத்தி ஃபேஷன்" என்கிறவர்களிடம் பேசுவோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் ரோட்டில் போனால் படியூர் வரும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சோளக்காடும் விசைத்தறியும்தான் தெரியும். ஆனால் உலக ரத்தினக்கல் வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. கடல் நீர் நிறத்தில் இருக்கும் பெரில் என்ற கல் இங்கே வெட்டி எடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் இங்கே சுரங்கம் வைத்துக் கல் எடுத்தார் என்பது பதிவில் இருக்கிறது. அதையும் தாண்டிக் காங்கேயத்துப் பக்கம் சிவன்மலையில் குருந்தக்கல் இருக்கும் பாறையைப் பற்றி ஹாலந்து என்ற நிலவியலாளர் 1901இல் எழுதினார். கெம்பு என்கிற மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தக் குடும்பத்துக் கற்கள்தான். மழை பெய்து ஓய்ந்தபின் காட்டில் கல் பொறுக்கப் போகிற வழக்கம் காங்கேயம், கரூர் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் கொடுமணலுக்குப் போய்ப் பாருங்கள். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டத் தொடங்கியது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2012, 2013 ஆண்டுகளில் அகழாய்வு நடத்தினார். 2020இல் மாநிலத் தொல்லியல் துறையும் இறங்கியது. கிடைத்தவற்றில் மணிகள் முக்கியமானவை. பெரில், படிகம், நீலம், சூதுபவளம் என்று பல வகை. வெறும் மணி மட்டும் கிடைத்திருந்தால் எங்கிருந்தோ வாங்கி வந்தது என்று சொல்லிவிடலாம். கிடைத்ததோ பாதி உடைத்த கல், பட்டை தீட்டிப் பாதியில் விட்ட கல், துளை போடும்போது பிளந்துபோன கல். அங்கே பட்டறை ஓடியிருக்கிறது. பக்கத்தில் கிடைக்காத லாபிஸ் லசூலி கூட அங்கே இருந்தது. அது ஆப்கானிஸ்தான் மலையில் பிறக்கும் கல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அந்த நூலும் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது வேலைப்பாடு மிக்க நகையைத்தான் சொல்கிறது.

ரோமாபுரிக்காரர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியதும் இதையே உறுதி செய்கிறது. நல்ல பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது, அதை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள், கடலின் பச்சையை ஒத்திருப்பதே உயர்ந்தது என்கிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூல், முசிறி வட்டாரத்திலிருந்து கப்பலேறும் சரக்கைப் பட்டியலிடும்போது ஒளி ஊடுருவும் பல வகைக் கற்களையும் வைரத்தையும் நீலத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. வைரம் வேறு, நிறக்கல் வேறு என்று பெட்டியைப் பிரித்து வைத்த வியாபாரம் இல்லை அது.

வைரமும் நிறக்கல்லும் ஒரே நகையில் சேர்ந்ததற்குச் சான்று வேண்டுமா? தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் படியுங்கள். இறைவனுக்கு முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த அணிகலன்களின் பட்டியல் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் வைரம் இத்தனை, மாணிக்கம் இத்தனை, முத்து இத்தனை என்று எண்ணிக்கை இருக்கிறது. ஒன்பது மணியும் பதித்த மோதிரம்கூட வருகிறது. அதற்கு முன்பே சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவில் வைரமும் மரகதமும் மாணிக்கமும் நீலமும் ஒரே தெருவில் விலை பேசப்படுகின்றன. திருவரங்கத்து நம்பெருமாளின் ரத்தினாங்கியைப் பார்த்தவர்கள், நிறம் மட்டம் என்று எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் வைரம் தனியாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது? மிகப் பிந்தி. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. அது அரிதான பொருள். 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் வெளிவந்த பிறகுதான் ஒரே அளவில், ஒரே நிறத்தில் கற்களைப் பொறுக்கிச் சேர்க்கும் அளவுக்குச் சரக்கு வந்தது. நம் பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் 'ப்ளூ ஜாகர்' ஏழு கல் தோடு, அந்த நாட்டின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது. இன்று கடைகளில் மின்னும் உருண்டைப் பட்டை 1919இல் மார்சல் டொல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு எழுதியதிலிருந்து செம்மையானது. கல்யாண மோதிரத்தில் வைரம் ஒன்றே நிற்க வேண்டும் என்ற ஆசையை உலகம் முழுக்க ஊட்டியது டி பீர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் எழுதப்பட்ட விளம்பர வாசகம். ஏழு கல் தோட்டை நான் குறை சொல்லவில்லை. அது அழகான நகை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கத்தை ஆதிகாலத்து மரபு என்று காட்டி, இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தைப் புது ஃபேஷன் என்று தள்ளுவது எந்த நியாயம்?

அடுத்தது ரசனை. இதைப் பற்றிப் பேசத் திருப்பூர்க்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகத் தகுதி உண்டு.

எங்கள் ஊர்ப் பனியன் வெள்ளையில் பிறந்தது. 1970கள் வரை இங்கே தைத்ததில் பெரும்பகுதி வெள்ளைப் பனியனும் ஜட்டியும்தான். ஏற்றுமதி பெருகிய பிறகு சாயப்பட்டறைகள் வந்தன, நிறம் வந்தது, அந்த நிறத்தில்தான் ஊர் காசு பார்த்தது. அதற்காக, சாயக் கழிவைச் சுமந்த நொய்யல் கொடுத்த விலையை மறக்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை ஊர் மறக்கவில்லை. இருந்தாலும், நிறத்தை அறிந்த ஊர் இது. லேப் டிப்பில், அதாவது சாய மாதிரியில், ஒரு நூல் அளவு ஷேட் மாறினாலும் பையர் திருப்பி அனுப்புவான் என்பது இங்கே கடைசி ஹெல்பருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், நகைக் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் நிறத்தை மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளை என்று ஒன்றே ஒன்று இல்லை என்பது திருப்பூருக்குத் தெரிந்த பாலபாடம். ஃபுல் ஒயிட், ஹாஃப் ஒயிட், எக்ரு என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறோம். வைரமும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜிஐஏ வகுத்த முறையில் 'டி' தொடங்கி 'இசட்' வரை வெள்ளைக்கே இருபத்துமூன்று படிகள் இருக்கின்றன. மாதிரிக் கல்லை அருகில் வைத்து ஒப்பிட்டுத்தான் படி சொல்கிறார்கள். கண் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு சேர்த்தே பார்க்கிறது. இதை நூலாக எழுதியவரும் ஒரு சாயக்காரர்தான். பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல், அங்கே கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வைத்தன என்று கண்டுபிடித்தார். அந்த ஆய்வு 1839இல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் நிறம் படிக்கிற மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

அதை நகைக்குக் கொண்டுவந்தால் கைக்கு உதவும் ஓர் அறிவு கிடைக்கிறது. லேசாக மஞ்சள் தட்டும் வைரத்தை ஆழ்ந்த நீலக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். அதே வைரத்தைப் புஷ்பராகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெள்ளையாகத் தெரியும். நடுவில் கெம்பு, சுற்றி வைரம் என்றால் கெம்பின் சிவப்பு ஒரு படி ஏறும், வைரத்தின் வெளிச்சமும் கூடும். வைரத்தை வைரத்தோடு மட்டும் வைத்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று தின்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளிப் பூச்சாக இருக்கும். எது பூ, எது இலை, எது கொடி என்று வேலைப்பாடு தெரியாது.

சந்தேகம் இருந்தால் ஊரில் இருக்கிற கருவியிலேயே பார்க்கலாம். எந்த எக்ஸ்போர்ட் ஆபீஸிலும் ஷேட் பார்க்க லைட் பாக்ஸ் இருக்கும். ஒரு தனி வைரத் தோட்டையும், நடுவில் கெம்பு வைத்துச் சுற்றி வைரம் பதித்த ஒரு தோட்டையும் அதற்குள் வையுங்கள். டி65 விளக்கு எரியும்போது, அதாவது மேகம் போட்ட பகல் வெளிச்சத்தில், தனி வைரம் சாம்பல் பூத்தது போல அடங்கிவிடும். காரணம் எளிது. வைரத்தின் மினுக்கு ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தைக் கேட்பது. நகைக் கடை கூரையில் குட்டிக் குட்டி ஸ்பாட் லைட்டுகள் பதித்திருப்பது அதற்காகத்தான். அதே பாக்ஸில் கெம்பு வைத்த தோடு உயிரோடு இருக்கும், ஏனென்றால் நிறத்துக்குப் பரந்த வெளிச்சமே போதும். மஞ்சள் பல்புக்கு மாற்றுங்கள், கெம்பு இன்னும் கனிந்து சிவக்கும். கடைசியாக, துணியில் ஒயிட்னர் போட்டிருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் யூவி விளக்கைப் போடுங்கள். சில வைரங்கள் பளிச்சென்று நீலமாக எரியும், பர்மா கெம்பாக இருந்தால் தணல் போலச் சிவந்து எரியும். நிறமே இல்லாதது என்று நாம் கொண்டாடும் கல்லுக்குள்ளும் நிறம் இருப்பது அப்போது தெரியும்.

கல்யாணத்தில் இந்த வித்தியாசம் நேரடியாகப் பேசும். முகூர்த்தம் காலையில், பந்தலுக்குள் வரும் மெல்லிய வெளிச்சத்தில். வரவேற்பு ராத்திரியில், கண்ணைப் பறிக்கும் விளக்கில். தனி வைரம் ராத்திரிக்கு மட்டும் வேலை செய்யும். நிறக்கல்லோடு சேர்ந்த வைரம் இரண்டு வேளைக்கும் வேலை செய்யும்.

"வெள்ளை எல்லாப் புடவைக்கும் போகும்" என்பார்கள். போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புடவை எடுக்கும்போது இந்த நியாயத்தை யாராவது சொல்கிறார்களா? அரக்கு உடலுக்குப் பச்சை பார்டர், மாம்பழ மஞ்சளுக்கு ஊதா பார்டர் என்று எதிர் நிறம் தேடித் தேடி எடுக்கிறோம். அங்கே மோதுகிற நிறத்தைக் கொண்டாடிவிட்டுக் கழுத்துக்கு வந்ததும் பயந்து நிற்பானேன்? பச்சைப் பட்டுக்குக் கெம்பும் வைரமும், சிவப்புப் பட்டுக்கு மரகதமும் வைரமும் எப்படி எழும் என்று ஒரு தடவை கண்ணாடி முன் வைத்துப் பாருங்கள்.

இதைவிடக் கோபம் வரவழைக்கும் ஒரு பேச்சு உண்டு. "பொண்ணு மாநிறம், கலர்க் கல்லு எடுபடாது, வெள்ளைக்கல்லே போடுங்க." எத்தனை பெண்கள் கல்யாணத்துக்கு முந்திய வாரம் இதைக் கேட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! இது ரசனையே இல்லை, தோல் நிறத்தின் மேல் இருக்கிற இளக்காரம் நகைப் பேச்சில் வெளியே வருகிறது. கறுத்த, மாநிறத் தோலின் மேல் கெம்பு போல நிறைவாக உட்காரும் கல் வேறு எதுவும் இல்லை. நம் நகை வேலை வளர்ந்ததே அந்தத் தோலுக்காகத்தான். கறுப்புக் கல் சிலை மேல் சிவப்பும் வெள்ளையும் பதித்த பதக்கத்தைச் சாத்திப் பார்த்துப் பழகிய கண் நமக்கு.

ஜோசியத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வைரம் சுக்கிரனுடையது, மாணிக்கம் சூரியனுடையது, முத்து சந்திரனுடையது, இவை பகை என்பதால் சேரக் கூடாது என்கிறார்கள். அந்தச் சாத்திரத்தையே ஒத்துக்கொண்டு கேட்கிறேன். அதே சாத்திரம் உயர்வாகச் சொல்லும் நவரத்தின மோதிரத்தில் நடுவில் மாணிக்கமும் அதைச் சுற்றி வைரமும் முத்தும் உட்கார்ந்திருக்கின்றனவே, அங்கே பகை எங்கே போனது? ஒன்பதும் சேர்ந்தால் சமன் ஆகிவிடும் என்று பதில் வரும். அப்படியென்றால் சேர்ப்பதே தப்பு என்ற விதி விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது எந்த அளவில் சேர்ப்பது என்ற பேச்சு மட்டும். கெம்பும் வைரமும் சேர்ந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி கண்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். காலைத் தொலைக்காட்சியில் ராசிக்கல் விற்பவர்கள் வந்த பிறகுதான் இந்தப் பயம் வீடுகளுக்குள் புகுந்தது. கல்லை மோதிரத்துக்கு ஒன்றாகப் பிரித்து விற்றால் மோதிரங்கள் அதிகம் விற்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், பணம். எங்கள் ஊரில் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். நிற்பதில் தவறில்லை, வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு.

கலர்க் கல்லுக்கு மறுவிலை இல்லை என்ற எண்ணம் வெறும் வதந்தியாகப் பிறக்கவில்லை. பல குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. எப்படி என்று கணக்காகச் சொல்கிறேன். 48 கிராம் எடையுள்ள ஓர் ஆரம், ஆறு பவுன் என்று வைத்துக்கொள்வோம். அதில் கெம்பு என்று சொல்லிப் பதித்த கண்ணாடிக் கல்லும் அடியில் நிரப்பிய அரக்கும் சேர்ந்து எட்டு கிராம். வாங்கும்போது முழு எடைக்கும் தங்க விலை போட்டால், ஒரு பவுன் தங்கத்தின் விலையைக் கண்ணாடிக்கும் அரக்குக்கும் கொடுத்துவிட்டோம். பத்து வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த எட்டு கிராமைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் காசு. இதை ஒரு தடவை பட்டவர் "கல்லு வேண்டவே வேண்டாம்" என்று சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பட்ட அடி நிஜம். ஆனால் அடித்தது கெம்பு இல்லை. கண்ணாடியைக் கெம்பு என்று சொன்ன வாயும், அதைத் தங்கமாக நிறுத்த தராசும்தான் அடித்தன.

கலர்க் கல்லில் போலி அதிகம் என்பதும் உண்மைதான். புதிதும் இல்லை. பிளினியே, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்று புகார் எழுதி வைத்திருக்கிறார். 1902இல் பிரெஞ்சுக்காரர் வெர்னேய் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். ஆனால் இந்த வாதத்தை வைத்து வைரத்தை உயர்த்துகிறவர்கள் இப்போது நாட்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும். இன்று ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் வைரமே விளைகிறது. அதுவும் கண்ணாடி இல்லை, அசல் கார்பன். வெறும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சூரத்தில் அது பெரிய தொழில். 2023 மத்திய பட்ஜெட்டில் இந்த ஆய்வுக்காகச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த வைரத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது, பூமிக்கடியிலிருந்து எடுத்த வைரத்தின் விலையையும் 2022க்குப் பிறகு கீழே இழுத்தது. வைரம் மட்டும் எடுத்தால் மதிப்பு நிற்கும் என்று உத்தரவாதம் கொடுத்தவர்கள் இதற்கு என்ன சொல்லப் போகிறார்கள்?

நல்ல நிறக்கல்லின் நிலை வேறு. 2015இல் ஜெனீவாவில் சதபீஸ் ஏலத்தில் 25.59 கேரட் பர்மா கெம்பு ஒன்று 30 மில்லியன் டாலருக்கு மேல் போனது. கேரட்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்த மோதிரத்தில் கெம்பின் இரு பக்கமும் வைரம் இருந்தது. அதனால் யாரும் விலையைக் குறைக்கவில்லை. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த மோதிரம் எது என்று கேட்டால், 1981இல் டயானாவின் விரலுக்கு வந்து இன்று மருமகள் கேத்தரின் விரலில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். நடுவில் பன்னிரண்டு கேரட் இலங்கை நீலம், சுற்றிப் பதினான்கு வைரம். இந்திய பாணியில் செதுக்கிய கெம்பு, மரகதம், நீலத்தை வைரத்தோடு சேர்த்துக் கார்ட்டியே செய்த கைச்சங்கிலி ஒன்று, ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரலில் ஆன்லைன் ஏலத்திலேயே 13 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது கார்ட்டியே பெயருக்கு வந்த விலை, நம் நகைக்கு வருமா என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் நிறக்கல் சேர்ந்தாலே மதிப்புப் போய்விடும் என்ற விதி பொய் என்று காட்ட இது போதும்.

நம் ஊரில் நிறக்கல்லுக்கு மறுவிலை சுழியமாக இருப்பது ஏன்? பில்லைப் பாருங்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது, எச்யூஐடி எண் இருக்கிறது. வைரத்துக்குக் கேரட் இருக்கிறது, நிறப்படி இருக்கிறது, சான்றிதழ் அட்டை இருக்கிறது. நிறக்கல்லுக்கு 'ஸ்டோன்' என்ற ஒரே சொல். அது மரகதமா, பச்சை ஓனிக்ஸா, கண்ணாடியா? சூடேற்றியதா, எண்ணெய் ஏற்றியதா? எத்தனை கேரட்? எதுவும் இல்லை. பெயரில்லாத பொருளை யார் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள்? ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சைக் கோயில் சுவரில் வெட்டிய பட்டியல் இதைவிட நேர்மையான பில். ஒரு நகையில் எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம் என்று எண்ணிச் சொன்னதோடு, கல்லிலும் முத்திலும் என்ன குறை, அரக்கு சேர்ந்த எடையா என்பது வரை, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற எடைக் கணக்கோடு எழுதி வைத்தார்கள். கணினியில் பில் போடும் நம்மால் அது முடியாதா?

நிறக்கல்லை வைரத்தோடு சேர்ப்பதில் நிஜமான சிக்கல் ஒன்று உண்டு. அதை எதிர்த்தரப்பு சொல்வதே இல்லை என்பதால் நானே சொல்கிறேன். கற்களின் கடினம் ஒன்றல்ல. வைரம் பத்து, கெம்பும் நீலமும் ஒன்பது, படியூர்ப் பெரிலும் மரகதமும் ஏழரையிலிருந்து எட்டு, காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல் ஆறுக்குச் சற்று மேல். ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் வைரம் மற்ற எல்லாக் கல்லையும் கீறிவிடும். மரகதத்தில் இயற்கையாகவே விரிசல் இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வைர நகையைக் கழுவுகிற அல்ட்ராசோனிக் தொட்டியில் அதைப் போட்டால் எண்ணெய் வெளியேறிக் கல் வெளுத்துவிடும். பற்ற வைக்கும் சூட்டையும் அது தாங்காது. ஆகவே தினமும் கையில் கிடக்கும் மோதிரத்துக்கும் வளையலுக்கும் வைரத்தோடு கெம்பு அல்லது நீலம் போதும். மரகதம், சந்திரகாந்தக் கல் எல்லாம் காதுக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தரிடம் வேலை கொடுக்கும்போது பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகே மரகதம் பதிக்கச் சொல்ல வேண்டும். அறிந்த பத்தர் இதை நாம் சொல்லாமலே செய்வார். கோவைப் பட்டறைகளில் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைக்கல் செட்டே கேட்டால், நாலு வகைக் கல்லை ஒரே நகையில் உட்கார வைக்கத் தெரிந்தவர் அந்த வேலையைப் பிள்ளைக்குச் சொல்லித்தர மாட்டார்.

மண்ணையும் பாருங்கள். காங்கேயத்துக் காட்டில் கிடைக்கும் கல்லுக்கு உள்ளூரில் கேட்பார் இல்லை. இந்தியாவில் நிறக்கல் பட்டை தீட்டும் தலைநகரம் ஜெய்ப்பூர் என்று ஆகிவிட்டது. ரோமாபுரி வரை கல் அனுப்பிய கொடுமணலின் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கு வைரம் மட்டும் போதும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஊர்ப் பெண்களுக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். அடுத்த முறை நகை சொல்லப் போகும்போது வைரத்தோடு கெம்போ, நீலமோ, படியூர்க் கல்லோ சேர்த்துக் கேளுங்கள். கடை விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பாருங்கள். தங்கத்தின் நிகர எடை தனியாக, வைரம் தனியாக, நிறக்கல் ஒவ்வொன்றும் பெயரோடும் எண்ணிக்கையோடும் கேரட்டோடும் தனித்தனியாகப் பில்லில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். விலையுயர்ந்த கல்லாக இருந்தால் அதற்கும் சான்றிதழ் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வைரமும் வாங்காதீர்கள்.